பல ஆண்டுகள் நின்ற லாரியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் தோட்டத்து ஓரங்களிலும் பட்டறை மதில்களை ஒட்டியும் பழைய லாரிகள் நிற்கின்றன. பங்காளிகளுக்குள் தகராறு, ஓட்டுநர் கிடைக்கவில்லை, வைத்திருந்தவர் இறந்துவிட்டார், கடன் தவணை முடியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அவற்றில் பல, முறையாக வேலை பார்த்தால் மீண்டும் உழைக்கக் கூடியவை. அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ததாலேயே எஞ்சின் உடைந்து காயலான் கடைக்குப் போனவையும் உண்டு. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன்.

இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

டாடா 1210, 1312, 1613, லேலண்ட் காமெட், 1986இல் வந்த டாடா 407இன் பழைய மாடல்கள் போன்றவற்றுக்கு. இவற்றில் டீசல் பம்ப் முழுக்க இயந்திர அமைப்பு. மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது. கம்ப்யூட்டர் வைத்துச் சோதிக்கும் புதிய எஞ்சின்களுக்கு டயர், பிரேக், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

வண்டியைப் பார்த்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், வெள்ளைத் தாள், பென்சில். இந்த நான்கோடு போய்ச் சேஸிஸ் எண்ணைத் தேடுங்கள். துருவையும் பழைய பெயின்டையும் பக்குவமாக அகற்றி, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே எடுங்கள். இரண்டும் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

இதை முதல் வேலையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைப் பிரித்து இரண்டு மூன்று லட்சம் செலவழித்த பிறகு, சேஸிஸ் எண் துருவில் கரைந்துபோனது தெரியவந்தால் அந்தப் பணம் நடுவழியில் நிற்கும். எண்ணை மறுபடி பதிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டறையில் நாமே குத்திக்கொண்டால் அது குற்றம். எஞ்சின் மாற்றப்பட்டு, அது ஆர்.சி.யில் ஏறாமல் இருப்பதும் பழைய லாரிகளில் அடிக்கடி காண்பதுதான். அதைச் சரிசெய்யும் வழி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இனிமேல் முடியுமா?

பெரும்பாலும் முடியும். எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் சரக்கு லாரிகளுக்குக் காலாண்டு வரி. வண்டியை ஓட்டப்போவதில்லை என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து நிறுத்தியிருந்தால் அந்தக் காலத்துக்கு வரிச்சலுகை கேட்க இடமுண்டு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், வண்டி ஓடாமலேயே நின்றிருந்தாலும் வரியும் அபராதமும் சேர்ந்துகொண்டே வந்திருக்கும். அந்தப் பாக்கியைக் கட்டாமல் அடுத்த எந்தக் காகிதமும் நகராது. ஆகவே வாங்குபவர் தலையில்தான் அது வந்து விழும். ஏழு ஆண்டு கடந்த சரக்கு வாகனங்களுக்குப் பசுமை வரியும் உண்டு.

எஃப்.சி., எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. 2022 ஏப்ரலிலிருந்து 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இதன் கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்துள்ளன. பத்து ஆண்டுக்கு முன் யாரோ கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பர்மிட் எடுப்பதிலும் ஒரு வரம்பு உண்டு: பல மாநிலங்களில் ஓட்டுவதற்கான நேஷனல் பர்மிட்டுக்கு இரண்டு அச்சு லாரியின் வயது 12க்குள்ளும், பல அச்சு வண்டியின் வயது 15க்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வண்டி மாநிலத்துக்குள் உழைப்பதற்குத்தான்.

நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இன்னும் இருந்தால், அவர்களிடம் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35இல் கையொப்பமும் வாங்க வேண்டும். அந்த நிறுவனம் மூடப்பட்டோ வேறொன்றுடன் சேர்ந்தோ போயிருந்தால் இது மாதக்கணக்கில் இழுக்கும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றுடன், பெயர் மாற்றத்துக்கான படிவம் 31. சகோதரர்கள் எல்லோரும் கையெழுத்திடத் தயாரா என்று பேசி முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போவது நல்லது.

புது பேட்டரி வைத்து ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்த்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். நின்ற லாரிகளை அதிகம் கெடுப்பது இந்த ஆசைதான்.

பல மழைக்காலங்களைக் கண்ட எஞ்சினில் சைலன்சர் வழியாகவோ ஏர் கிளீனர் வழியாகவோ தண்ணீர் இறங்கியிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் சுற்றும்போது கனெக்டிங் ராடு வளையும். வால்வு ஒன்று அதன் கைடில் ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நின்றிருந்தால் புஷ் ராடு வளையும், சமயத்தில் பிஸ்டனே வால்வில் மோதும். பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள் உறையான லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் ரிங் உடையும். கையால் சுற்றிப் பார்த்திருந்தால் இவை எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

முறை இதுதான். ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். குளவிக்கூடும் எலி சேர்த்த பஞ்சும் அங்கேதான் இருக்கும். சீட்டுக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் கை விடுவதற்கு முன் நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருப்பது அரிதல்ல. நாசில்கள் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனைகள்) எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காக எண் எழுதி வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்ததைக் கொஞ்சம் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். டேப்பெட் மூடியைத் திறந்து ராக்கர் (வால்வை அழுத்தும் கை), ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் ஆயில் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்றில்தான் எல்லாச் சிலிண்டர்களும் ஒரு சுழற்சியை முடிக்கும். சுற்றும்போது ஒருவர் ராக்கர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே போன வால்வு ஒவ்வொன்றும் மேலே திரும்பி வருகிறதா? வராததைத் தட்டி இறக்கி ஏற்றி, ஆயில் விட்டு, வழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த சுற்று.

கையால் சுற்றவே இல்லை. எஞ்சின் போய்விட்டதா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாரம் வரை ஊறவிட்டு, தினமும் இருபக்கமும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் நம்பிக்கை உண்டு. கைப்பிடிக்கு மேல் இன்னும் நீளமாகக் குழாய் போட்டு நாலு பேர் சேர்ந்து இழுப்பதும், வேறு லாரியால் கியரில் போட்டு இழுப்பதும்தான் கூடாதவை. ஒரு வாரத்துக்குப் பிறகும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். எந்தச் சிலிண்டர் பிடித்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இந்த எஞ்சின்களில் லைனர்கள் தனியாக மாற்றக்கூடியவை, செட்டும் கிடைக்கிறது. டாடாவின் 5.675 லிட்டர் 697 எஞ்சின் போன்றவை லட்சக்கணக்கில் ஓடியதால் உதிரிபாகத்துக்கு அவ்வளவு பஞ்சமில்லை.

டீசல் பம்பைக் கழற்றாமல் அப்படியே விடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பம்புக்குள் ரேக் என்ற பல்வைத்த தண்டு ஒன்று இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அது ஒரு பக்கம் நகர்ந்து டீசலைக் கூட்டும். எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பரை இழுக்கும்போது மறுபக்கம் நகர்ந்து டீசலை நிறுத்தும். நின்றுபோன எஞ்சினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்களில் பெரும்பாலானவற்றின் ஸ்பிரிங், ரேக்கை அதிக டீசல் தரும் பக்கமே தள்ளி வைத்திருக்கும். அடுத்த முறை எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த நிலையில் பல ஆண்டுகள் நின்று, பழைய டீசல் பசைபோல உறைந்து, ரேக் அங்கேயே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எஞ்சின் ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் எல்லை மீறி ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப்பரை இழுத்தாலும் நிற்காது. வால்வு, ராடு, ஃப்ளைவீல் எதுவும் சிதறலாம். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பழைய டாடா வண்டிகள் சிலவற்றில் காற்றின் உறிஞ்சலால் வேலை செய்யும் டயாபரம் வைத்த கவர்னர் இருக்கும். அந்த டயாபரம் காய்ந்து கிழிந்திருந்தாலும் விளைவு இதேதான்.

ஆகவே, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பம்பின் பக்க மூடியைத் திறந்து ரேக் இருபக்கமும் தங்குதடையின்றி நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்டாப்பர் கேபிளை இழுத்தால் லிவர் முழுவதும் போகிறதா, விட்டால் திரும்புகிறதா? சந்தேகம் துளி இருந்தாலும் பம்பைக் கழற்றிப் பம்ப் பட்டறைக்கு அனுப்புங்கள். எலிமெண்ட் (டீசலை அழுத்தி அனுப்பும் பகுதி), டெலிவரி வால்வு, கவர்னர் எல்லாம் பார்த்துக் கேலிபரேஷன் செய்து தருவார்கள். நாசில்களையும் கூடவே கொடுத்து அழுத்தம் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் நின்ற வண்டி என்றால் யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள் என்பது என் கருத்து. பிற்பாடு புகைச் சோதனையில் இந்தச் செலவு திரும்பி வந்துவிடும்.

டேங்கில் பாதி டீசல் இருக்கிறது. வீணாக்க மனம் வரவில்லையே?

அதை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புச் சேறு படிந்திருக்கும். டேங்கைக் கழற்றி, கழுவி, உட்புறத் துருவைப் பார்த்து, குழாய்களில் காற்று அடித்துச் சுத்தம் செய்து, இரண்டு பில்டர்களையும் புதிதாகப் போடுங்கள். காலி டேங்கில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். டீசல் ஆவி நிறைந்த காலி டேங்க் வெடிக்கும்.

இப்போது விற்கும் பி.எஸ். 6 டீசல் பழைய எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது. கந்தகம் குறைந்ததால் போன வழுவழுப்பைச் சேர்மானங்களால் ஈடுகட்டியே அனுப்புகிறார்கள். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் கசியத் தொடங்கலாம், அவற்றை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். பம்பின் எலிமெண்டுக்கு டீசல்தான் ஆயில்.

ஆயில், தண்ணீர்?

ஆயிலைக் கீழே இறக்கும்போது முதலில் தண்ணீர் வருகிறதா, ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டிலோ லைனரின் அடி வளையத்திலோ கசிவு இருக்கலாம். புதிய ஆயில், புதிய பில்டர். ஸ்டார்ட் ஆகிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதையும் மாற்றிவிடுங்கள், உள்ளே இளகிய அழுக்கெல்லாம் அதில் வந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிளாக்கின் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் துரு அடைத்திருக்கிறது என்று பொருள், கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கடைசிச் சிலிண்டர் பக்கம் உப்புக்கல் நிறையப் படிந்திருக்கும்.

சரி, முதல் ஸ்டார்ட் எப்படிச் செய்வது?

திறந்த வெளியில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில். வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், குழந்தைகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

ஃபீட் பம்பின் கை பிரைமரை அடித்து, பில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். அடுத்துப் பம்பின் திருகில் அதே வேலை. பிறகு ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் மீட்டர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். தொடர்ந்து அடிக்காமல் நிறுத்தி நிறுத்தி அடியுங்கள், செல்ஃப் மோட்டார் சூடேறிவிடும். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள். முள் எழுந்த பிறகுதான் ஸ்டாப்பரை விட வேண்டும். நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்தி, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். பீய்ச்சும் டீசலுக்கு நேரே விரலைக் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

ஏர் கிளீனரைப் போடாமல், காற்று போகும் வாய்க்கு அருகே ஒருவர் கனமான பலகையுடன் நிற்க வேண்டும். எஞ்சின் கட்டுமீறினால் பலகையால் வாயை மூடுவது ஒன்றே நம்பகமான வழி. காற்று இல்லாமல் டீசல் எரியாது. துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைத்தால் கை போகும். பலகை வாயை முழுமையாக மூடுகிறதா என்று முன்பே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதித்து உறும விடாதீர்கள். ஆயில் அழுத்தம், தண்ணீர்க் கசிவு, சத்தம் மூன்றையும் கவனித்துவிட்டுச் சிறிது நேரத்தில் நிறுத்துங்கள். ஸ்டாப்பரை இழுத்ததும் சொன்ன சொல்லுக்கு நிற்கிறதா? அன்றைய வெற்றி அதுதான்.

எஞ்சின் அருமையாக ஓடுகிறது. பக்கத்துப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாமா?

கூடாது, இரண்டு காரணங்களால். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. காப்பீடும் இல்லாமல் சாலையில் ஒரு விபத்து நடந்தால் அந்த இழப்பீடு தலைமுறைக்கும் தீராது. இரண்டாவது காரணம் பிரேக்.

மெக்கானிக்கை இடத்துக்கே வரவழையுங்கள், அல்லது வண்டியை வேறு வாகனத்தின் மேல் ஏற்றிக் கொண்டுபோங்கள். கட்டி இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கியர் பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் பின்சக்கரம் சுழலும்போது கியர் பாக்ஸின் மேல்பகுதிக்கு ஆயில் போகாது.

பிரேக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும். நான்கு டிரம்களையும் கழற்றாமல் பிரேக்கைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். தட்டி எடுத்தால் லைனிங் ஷூவைவிட்டுப் பிரிந்தே வரலாம், ரிவெட் துருவில் அரிந்திருக்கும். ஏர் பிரேக் வண்டியில் ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட் புஷ்ஷில் இறுகிப் போயிருக்கும். இதனால் மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. ஸ்லாக் அட்ஜஸ்டர், சேம்பரின் டயாபரம், ரப்பர் குழாய்கள் ஆகியவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டியவை. ரப்பருக்கு ஓட்டத்தைவிட வயதுதான் எதிரி. ஏர் டேங்கின் வடிகாலைத் திறந்து, வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கெட்டித் துருவாக வந்தால் டேங்கையே மாற்றுங்கள். அழுத்தம் தாங்கும் கலனை வெல்டிங் வைத்து ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. பின்புறம் ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம். உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசை கொண்டது. முழுச் சேம்பராக மாற்றிவிடுங்கள்.

407 போன்ற ஆயில் பிரேக் வண்டியில், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் மறுபடி ஒழுகும். இரும்புக் குழாய்கள் கிளிப்புக்கு அடியில்தான் அரிக்கும், கிளிப்பை எடுத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்த்த பிறகு காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடியுங்கள்.

டயரில் கட்டை (தரையில் படும் ரப்பர்) நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

பக்கச் சுவரில் எழுதியிருக்கும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது. காற்றில்லாமல் பல ஆண்டுகள் நசுங்கி நின்ற டயரின் உள் நூல்கள் முறிந்திருக்கும். அதை மறுபடி ஊதுவதும் ஆபத்து, லோடு ஏற்றுவது அதைவிட ஆபத்து. பட்டறைக்குள் வண்டியைத் தள்ளி நகர்த்த மட்டும் பயன்படுத்துங்கள். அதை ரீட்ரேடுக்குக் கொடுக்கும் எண்ணமும் வேண்டாம்.

டயரைவிடப் பயப்பட வேண்டியது, ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங். டியூப், ஃப்ளாப், ரிங் போட்ட பழைய ரிம்களில் ரிங் உட்காரும் பள்ளத்தைத் துரு தின்றிருக்கும். காற்று ஏறும்போது ரிங் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் இதனால் போன உயிர்கள் கொஞ்சமல்ல. ரிம்மையும் ரிங்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெடிப்போ வளைவோ இருந்தால் ஒதுக்குங்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாய் போட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று ஊதச் சொல்லுங்கள். கூண்டு இல்லாத கடையில் ஊத விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் நட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு டயரின் காற்றையும் முழுவதுமாக இறக்கிவிட வேண்டும். பல பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்த் திசையில் இருக்கும். தெரியாமல் தவறான பக்கம் பலம் கொடுத்து ஸ்டட்டை முறிப்பவர்கள் அதிகம்.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை.

பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்தி, பெடலை அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து இரவு முழுவதும் விடுங்கள். பல நேரம் விட்டுக்கொடுக்கும். இல்லையென்றால் கியர் பாக்ஸை இறக்குங்கள்.

வயரிங்?

எலி கடித்ததைத் துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதைவிட முழு வயரிங்கையும் புதிதாக இழுப்பது மலிவு. பழைய வண்டியில் விளக்கு, ஹாரன், செல்ஃப், சார்ஜிங் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொண்டு பேட்டரி கொடுங்கள்.

சேஸிஸ், பட்டை (ஸ்பிரிங் கட்டு), ஸ்டியரிங்?

சேஸிஸைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாகச் சத்தம் தரும். பட்டை மாட்டும் பிராக்கெட்டுகளைச் சுற்றியும் குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகளிலும் வெடிப்பைத் தேடுங்கள். தூத்துக்குடி பக்கம் உப்பு ஏற்றிய வண்டி என்றால் இரட்டைச் சேஸிஸின் இரு தகடுகளுக்கு நடுவே துரு பொங்கி வெளியே தள்ளியிருக்கும். அத்தகைய வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலே பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்பதால், பெயின்டுக்கு முன்பே இந்தப் பரிசோதனை முடிய வேண்டும்.

கிங் பின், டை ராடு முனைகள், ஷாக்கிள் பின்கள், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், சென்டர் பேரிங் எல்லாவற்றுக்கும் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும்வரை புதிய கிரீஸ் அடியுங்கள். கிரீஸ் ஏறாத இடத்தைக் கழற்றிப் பாருங்கள். ஹப் பேரிங்குகளையும் கழுவிப் புதிய கிரீஸ் வைக்க வேண்டும்.

எஃப்.சி.க்குப் போகும்போது எதில் திருப்பி அனுப்புவார்கள்?

பிரேக், விளக்குகள், ஸ்டியரிங் ஆட்டம், டயர், பிரதிபலிப்புப் பட்டைகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும். ஒளி பிரதிபலிக்கும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பின்புறமும் பக்கவாட்டிலும் கார், பைக் உள்ளே புகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை பற்றி உங்கள் வண்டியின் ஆண்டுக்கு என்ன விதி என்று முன்பே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பழைய டீசல் வண்டிகளுக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகை (புகையின் கருமையை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது.

இயந்திரச் சோதனை நிலையங்கள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி இடப்பக்கம் எவ்வளவு பிடிக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியே அளக்கிறார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் லாரிதான் மழையில் குறுக்கே திரும்பி எதிரே வருபவனைக் கொல்கிறது.

எந்தக் கட்டத்தில் கைவிட வேண்டும்?

சேஸிஸ் எண் படிக்க முடியாமல் போய், அதை மறுபடி பதிக்க வழியும் இல்லாதபோது. சேஸிஸ் முதன்மைச் சட்டமே அரித்திருக்கும்போது. எஞ்சின் பிளாக் வெடித்து, காகிதப் பாக்கியும் வண்டியின் விலையைத் தாண்டும்போது. மற்ற எல்லாவற்றுக்கும் வேலை உண்டு.

கைவிடுவதாக இருந்தால், பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். எடைக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் வரி உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை வேறு யாராவது வேறு வண்டியில் மாட்டி ஓட்டினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

எஃப்.சி. வாங்கிவிட்டோம். முதல் லோடு எப்போது ஏற்றலாம்?

முதலில் வெறும் வண்டியாகச் சில நாட்கள் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இறங்கி நான்கு ஹப்புகளின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. கழற்றிய சக்கரங்களின் நட்டுகளை முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்குங்கள், மறுநாள் மறுபடி இறுக்குங்கள். பட்டைக் கட்டுகளின் யு போல்ட்டுகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

பிறகு பாதி லோடு, சமதளச் சாலை, பகல் நேரம். அதில் ஆயில் அழுத்தமும் தண்ணீர்ச் சூடும் நிலையாக இருந்தால் முழு லோடு ஏற்றலாம். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட வேண்டாம். கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைப்பாதைகளுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து, பிரேக் லைனிங் டிரம்மோடு முழுவதும் பதிந்துவிட்டதா என்று ஒருமுறை கழற்றிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.